எதிர்மனுதாரர் கடலில் இருக்கிறார்

குடும்ப ஒற்றுமைக் காப்பு மையம் திறந்த நாளிலிருந்து இன்றுவரை அங்கே வந்த ஒரு குடும்பம்கூடப் பிரிந்ததில்லை. நம்பாதவர்கள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். படிக்கட்டுத் திருப்பத்தில் ஆளுயரப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறார்கள். 'வந்த குடும்பங்கள் 1,412. பிரிந்தவை 0.' பிரிவதற்கு வேண்டிய காகிதத்தை அந்த ஆபீஸில் எவருக்கும் கொடுத்ததே இல்லை என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பலகையில் இடம் பத்தவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, கன்னியம்மா அந்தப் பலகையைத் தாண்டி மேலே ஏறினாள். காத்திவாக்கத்துக்காரி, முப்பத்திரண்டு வயது, காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை. அதே ஷெட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிற ராயபுரத்து ஃப்ளோரன்ஸ் தைரியத்துக்குக் கூட வந்திருந்தாள். இரண்டு பேரும் எலுமிச்சம்பழத் தோலைப் போட்டு மூன்று தரம் கை கழுவிவிட்டுத்தான் வந்தார்கள். அரசாங்க ஆபீஸ் அல்லவா, இறால் வாடையோடு போகலாமா?

கன்னியம்மாவுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். அவள் புருஷன் தேசப்பன் விசைப்படகில் போகிறவன். போனால் பத்து, பன்னிரண்டு நாள் கடல். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மீனை இறக்கிவிட்டு, ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு, திங்கட்கிழமை விடிவதற்குள் மறுபடியும் கிளம்பிவிடுவான். அந்த ஒரு நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். ஓட்ட முடியாதது தடைக்காலம். ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினான்கு வரை, மீன்கள் நிம்மதியாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் படகுகளைக் கரையில் கட்டிப்போட்டுவிடும். மீனுக்கு அறுபத்தொரு நாள் பாதுகாப்பு. அந்த அறுபத்தொரு நாளும் தேசப்பன் வீட்டில் இருப்பான். காலையில் குடிப்பான், சாயங்காலம் அடிப்பான்.

போன வருஷம்வரை கன்னியம்மாவை மட்டும்தான் அடித்துக்கொண்டிருந்தான். போன தடைக்காலத்தில், குறுக்கே வந்து நின்ற மகள் ஜெயஸ்ரீயை எட்டி உதைத்தான். எட்டு வயசுக் குழந்தை. புருவத்துக்கு மேலே நாலு தையல். அன்றைக்கே கன்னியம்மா முடிவு பண்ணிவிட்டாள். வீடு அவள் பேரில் ஒதுக்கிய சுனாமிக் குடியிருப்பு. அடுத்த ஏப்ரல் பதினைந்துக்குள் இவன் அந்த வாசற்படி ஏறக்கூடாது என்று ஓர் உத்தரவு வாங்கிவிட வேண்டும். கோர்ட்டில் கேட்டதற்கு, மையம் பேசி முடித்து ஃபைல் அனுப்பினால்தான் நாங்கள் பார்ப்போம் என்று இங்கே அனுப்பியிருந்தார்கள்.

மையத்தின் எழுத்தர் மணி நல்ல மனிதர். இதைச் சொல்லியே ஆக வேண்டும். கை நீட்டாதவர், எரிந்து விழாதவர், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். வந்தவர்களுக்கு அதுதான் பெரிய தொந்தரவு. பதினெட்டுப் பக்கப் படிவத்தை விரித்துவைத்து முதல் கேள்வியைக் கேட்டார்.

"சம்பவம் ஒன்று. தேதி சொல்லுங்கம்மா."

"சங்கரா வெல ஏறிக்கினே போச்சே சார், அந்த வாரம்."

"தேதி கேட்டேன்."

"தேதிலாம் இன்னா சார் தெரியும்? நெத்திலி கொட்டோ கொட்டுனு கொட்டி, கேக்க ஆளில்லாம கருவாட்டுக்குப் போட்டாங்கோ பாரு, அத்துக்கு மறா நாளு. கெண்டைக்கால்லயே போட்டான்."

"மெய்தான் சார்," என்று ஃப்ளோரன்ஸ் சாட்சி சொன்னாள். "அன்னிக்கு ஷெட்டுக்கு நொண்டிக்கினுதான் வந்துச்சு."

குப்பத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அப்படித்தான் நாள் சொல்வார்கள். காலண்டர் கிழித்துப் பார்த்து யாரும் அடி வாங்குவதில்லை. மணி எதையும் அடித்துத் திருத்தாமல் அழகான கையெழுத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். 'சம்பவம் 1: நெத்திலி மிகுதியாகக் கிடைத்த நாளுக்கு மறுநாள். சம்பவம் 2: கானாங்கெளுத்தி வராமற்போன மாதம். சம்பவம் 3: சுறா மாட்டி வலை கிழிந்த அன்று மாலை.' பதினொரு சம்பவம் ஆயிற்று. பிறகு, மேற்படி மீன்கள் மேற்படி கரைக்கு எந்தெந்தத் தேதியில் வந்தன என்று சான்று கேட்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'நெத்திலியில் எந்த வகை என்று குறிப்பிடவும்.'

பிப்ரவரி அதோடு போயிற்று.

மார்ச் முதல் வாரத்தில் தலைமை ஆலோசகர் அம்மையாரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, மேசைமேல் ஜோடிப் புறா பொம்மை. கன்னியம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, எழுந்து நின்று பேசினார்.

"அம்மா, குடும்பம்னா ரெண்டு கை தட்டினால்தான் ஓசை. நானும் என் கணவரும் முப்பத்தொரு வருஷமா வாழறோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்களுக்குள்ள சண்டை வந்ததில்லை. ஏன்னு கேளுங்க."

"ஏன் மேடம்?"

"விட்டுக்கொடுத்தல்! அவர் விசாகப்பட்டினத்துல வேலை பார்க்கறார். தீபாவளிக்கு வருவார். ரெண்டு நாள் சிரிச்ச முகமா இருந்து அனுப்பிடுவேன். உங்களால ஏன் முடியாது?"

"எனக்கும் அது கடல்ல கீற வரைக்கும் பேஜாரே இல்ல மேடம்," என்றாள் கன்னியம்மா. "கரைக்கு வந்தாத்தான் அடிக்குது. ஏப்ரலு பதினஞ்சு வந்துடப்போது. எம் பொண்ணுக்கு ஒரு வழி பண்ணுங்கோ."

அம்மையார் ஒரு தாளை நீட்டினார். கணவரிடம் பிடித்த நல்ல குணங்கள் பத்து எழுத வேண்டும். அதை எழுதாமல் எந்த ஃபைலும் அந்த அறையைத் தாண்டிப் போனதில்லை. கன்னியம்மா எட்டாவது வரை படித்தவள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பொய் எழுதவும் மனசில்லை. கடைசியில், 'ஒன்று. கடலுக்குப் போய்விடுவார்' என்று எழுதிக் கொடுத்தாள்.

"பார்த்தீங்களா, உழைப்பாளி!" என்று அம்மையார் கண் கலங்கினார். ஃபைலில் அதையும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டார்.

அடுத்தது நோட்டீஸ். எதிர்மனுதாரரான தேசப்பன் கையில் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். அதைக் கொண்டு கொடுக்கிற கோர்ட்டு அமீனா பேர் ரெஜி. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் காத்திவாக்கம் வந்தார், வீட்டு வாசலில் மூன்று முறை பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், 'எதிர்மனுதாரர் கடலில் இருக்கிறார்' என்று எழுதித் திரும்பினார். அடுத்த புதனும் அதே கதை. மூன்றாவது புதன் கன்னியம்மா வாசலிலேயே அவரை மடக்கினாள்.

"சார், பொதன்கெழம வந்தா அது நடுக்கடல்ல கீது. ஞாயித்துக்கெழம காத்தால காசிமேட்டுக்கு வா சார். ஏலம் வுடற எடத்துல மலையாட்டம் நிப்பான். நானே காட்டறேன்."

"காட்ட வேணாம்மா, ஆளை எனக்கு நல்லாத் தெரியும்," என்றார் ரெஜி. "ஞாயிறு தவறாம மீன் வாங்க அங்கதான் வர்றேன். போன வாரம்கூட அவர்கிட்டதான் வஞ்சிரம் வாங்கினேன். தலையைத் தனியா வெட்டிப் போட்டுக் குடுத்தார். தங்கமான மனுஷன்."

"அப்ப அந்த நோட்டீஸ அங்கயே குடுக்கறத்துக்கு இன்னா சார்?"

"எப்படிம்மா? அன்னிக்கு ஆபீஸ் லீவு. அன்னிக்கு நான் வெறும் ரெஜி. லீவு நாள்ல கொடுத்த நோட்டீஸ் செல்லாது, அப்புறம் உங்க கேஸ்தான் கெட்டுப்போகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கன்னியம்மா அன்றைக்கு ஷெட்டில் இறால் உரித்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தாள். கோர்ட்டு திறந்திருக்கும் நாளெல்லாம் தேசப்பன் கடலில். தேசப்பன் கரைக்கு வரும் நாளெல்லாம் கோர்ட்டுக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமைதான் அப்படி என்றால், தடைக்காலத்தின் நடுவிலே மே மாசம் வருகிறது, அது முழுக்கக் கோடை விடுமுறை.

"ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு லீவு போட்டா மாதிரி கீது ஃப்ளோரன்ஸு," என்றாள். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதற்கிடையே மையத்துக்கு வேறொரு கவலை. மார்ச் முடிவதற்குள் ஒவ்வொரு ஃபைலுக்கும் இருதரப்பு ஆலோசனை மூன்று அமர்வு நடந்திருக்க வேண்டும். மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும். ஒரு தரப்பு கடலில் இருக்கிறதே என்று மணி சங்கடப்பட்டார். அம்மையார் அசரவில்லை. கன்னியம்மாவுக்கு எதிரே ஒரு காலி நாற்காலியைப் போடச் சொன்னார். அதற்கும் மின்விசிறியைத் திருப்பிவைத்தார்கள்.

"தேசப்பன்," என்று நாற்காலியைப் பார்த்து அம்மையார் கனிவாகப் பேசினார். "உங்க மனைவி சொல்றதைப் பொறுமையாக் கேளுங்க. குறுக்கே பேசக் கூடாது."

நாற்காலி குறுக்கே பேசவில்லை. கன்னியம்மா யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் மணியைப் பார்த்துப் பேசினாள். மணி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். 'முதல் அமர்வு: எதிர்மனுதாரர் அமைதி காத்தார். இரண்டாம் அமர்வு: மனைவியின் குற்றச்சாட்டுகளை மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மூன்றாம் அமர்வு: எதிர்மனுதாரரின் நடத்தையில் நல்ல முன்னேற்றம். மனுதாரர் மட்டும் அழுதார், குரலை உயர்த்தினார். அவருக்குக் கூடுதல் ஆலோசனை தேவை.'

மூன்றாம் அமர்வு முடிந்ததும் ஃப்ளோரன்ஸால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். "மேடம், எங்க சர்ச்சுல ஒரு வக்கீலம்மா வந்து பேசிச்சு. இடைக்கால உத்தரவுனு ஒண்ணு கீதாம். அவன் வராங்காட்டியும் ஒடனே குடுக்கலாமாம். சட்டத்துலயே கீதாம்."

"சட்டத்துல இருக்கு. யார் இல்லைன்னா?" அம்மையாருக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ரொம்ப அருமையான சட்டம்மா அது. எவ்வளவோ பேர் போராடி வாங்கினது. அதைப் போய் வர்றவங்களுக்கெல்லாம் எடுத்து எடுத்துக் கொடுத்தா தேஞ்சு போயிடாதா? நாமதான் அதைப் பத்திரமா வெச்சிருக்கணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா?

ஏப்ரல் பதினைந்து வந்தது. படகுகள் கரையேறின. பதினேழாம் தேதி, வேலை நாளில், ரெஜி முறைப்படி வந்து தேசப்பனிடம் நோட்டீஸைக் கொடுத்தார். தேசப்பன் அவருக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினான். அன்றைக்கு, "ஏன் என் பேரைக் கோர்ட்டு வரைக்கும் இஸ்தே?" என்று கேட்டு விழுந்த அடி, படிவத்தில் இருந்த பதினொன்றையும் சேர்த்தால்கூட வராது. ஜெயஸ்ரீயைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டுத்தான் கன்னியம்மா அதை வாங்கினாள்.

இருபத்துநாலாம் தேதி அமர்வுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி இட்டு, தேசப்பன் வந்தான். கையில் ஒரு பை நிறைய நண்டு. அம்மையார் சைவம் என்று சொன்னதும் வெட்கப்பட்டுப் போய் மணியிடம் கொடுத்தான். மணி வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்து, 'கையூட்டு மறுக்கப்பட்டது' என்று அதையும் பதிவு செய்தார்.

"படிக்காதவன் மேடம் நானு," என்றான் தேசப்பன் கையைக் கட்டிக்கொண்டு. "கடலு ஒரு பக்கம் அட்க்குது, வூட்ல இது ஒரு பக்கம் வாய உடுது. ஒரு தபா ரெண்டு தபா கை நீண்டுருக்கும். பொண்டாட்டிய எங்களாண்ட அடிக்காதவன் யாரு மேடம்? பாசம் இல்லாங்காட்டி அடிப்பனா?"

அம்மையார் நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு வெளிப்படையாப் பேசறார் பாருங்க! வாக்குமூலம் மாதிரியே இருக்கு."

"வாக்குமூலமாவே எழுதிக்கிட்டா இன்னா மேடம்?" என்றாள் கன்னியம்மா. கன்னத்தில் பதினேழாம் தேதி வீக்கம் இன்னும் வடியவில்லை.

"மனசு விட்டுப் பேசறவரைத் தண்டிச்சா அப்புறம் யார் மனசு விட்டுப் பேசுவா?" என்று அம்மையார் ஃபைலை மூடினார். ஆனாலும் மனு மனுதான், கோர்ட்டு பார்த்து உத்தரவு போடும் என்றார். மே முழுக்க விடுமுறை. திறந்ததும் பழைய ஃபைல்களைத் தூசி தட்ட இரண்டு வாரம். ஆக, ஜூன் பதினாறு.

"ஜூன் பதினாலோட தடை முடியுது மேடம். அப்பால அது கடலுக்குப் பூடும்," என்றாள் கன்னியம்மா. "எனக்கு இந்த ரெண்டு மாசத்துக்குத்தான் வோணும். எம் பொண்ணு வூட்ல கீறா."

"அவசரம்னா விடுமுறைக் கால மனு போடலாம்மா," என்று மணி குறுக்கிட்டார். "கை, கால், மண்டை ஏதாவது ஒடைஞ்சிருக்கணும். ஒடையப் போகுதுங்கறது அவசரத்துல வராது. எதிர்பார்ப்புல வரும்."

மே பத்தொன்பதாம் தேதி சாயங்காலம், டிவி சத்தம் அதிகமாக இருக்கிறதென்று தேசப்பன் ஜெயஸ்ரீயை நோக்கி ஐஸ் உடைக்கிற கட்டையை ஓங்கினான். குழந்தை சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஓடக்கூட இல்லை. அடுப்படியிலிருந்து வந்த கன்னியம்மா வலது கையை நடுவில் கொடுத்தாள். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் போயின. அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். ஃப்ளோரன்ஸ் ஆட்டோவில் வந்து பிள்ளையை ராயபுரத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். போலீஸ் ஸ்டேஷனில், உங்க ஃபைல்தான் மையத்துல நடக்குதே, ஒரே விஷயத்தை ரெண்டு இடத்துல விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாவுக்கட்டோடு கன்னியம்மா மையத்துக்குப் போனாள். இப்போது அவசரம் வந்துவிட்டதல்லவா? கதவு பூட்டியிருந்தது. விடுமுறைக் கால மனுப் படிவம் உள்ளே பீரோவில் இருப்பதாகவும், சாவி மணி சாரிடம் இருப்பதாகவும், மணி சார் விடுமுறைக்குத் திருத்தணி போயிருப்பதாகவும் வாட்ச்மேன் சொன்னார்.

ஜூன் பதினைந்து விடிகாலை படகுகள் கடலுக்குப் போயின. தேசப்பனும் போனான்.

பதினாறாம் தேதி கன்னியம்மா ஜெயஸ்ரீயையும் அழைத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, ஆனால் பிள்ளையைக் கண்ணைவிட்டு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. கீழே ஃப்ளோரன்ஸோடு நிற்க வைத்துவிட்டு மாடி ஏறினாள். கோர்ட்டு உத்தரவு தயாராக இருந்தது. அம்மையாரே எழுந்து வந்து, குரல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். எதிர்மனுதாரர் இன்று தொடங்கி ஆகஸ்டு பதினைந்து வரை அறுபத்தொரு நாள் மனுதாரரின் வீட்டுக்குள் நுழையக்கூடாது. கண்காணிக்க அலுவலர் இல்லாத காரணத்தால் ஞாயிற்றுக்கிழமைகளும் அரசு விடுமுறை நாட்களும் இதில் அடங்கா.

கன்னியம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "மேடம், அது நேத்தே கடலுக்குப் பூட்ச்சே."

"பார்த்தீங்களா!" என்று அம்மையார் பூரித்தார். "உத்தரவு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கீழ்ப்படிஞ்சுட்டார்."

மணி பதிவேட்டைத் திருப்பி வைத்தார். கன்னியம்மா இடது கையால் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பேரை எழுதினாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மணி பிப்ரவரிப் படிவத்தில் இருந்த கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

"ஒத்துப்போகலையேம்மா."

"சோத்துக்கை கட்டுல கீது சார். தெரியலியா?"

"தெரியுது. ஆனா மனுவுல இருக்கிற கையெழுத்துதான் வேணும்."

"அப்ப ரேகை வெச்சிடறேன்."

"பெண்களுக்கு வலது கைப் பெருவிரல்." விரல் நுனிவரை மாவுக்கட்டு. மணி அதையும் பார்த்தார். "கட்டு எப்பப் பிரிப்பாங்க?"

"எலும்பு சேரலனு மறுபடியும் போட்டுக்கீறாங்கோ. ஆகஸ்டு கடசி ஆவுமாம்."

"அப்ப வந்து வாங்கிக்குங்க," என்றார் அம்மையார் இதமாக. "உத்தரவு எங்கேயும் போயிடாது. பீரோவுல பத்திரமா இருக்கும்."

கன்னியம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு கட்டுப் போட்ட கையைத் தூக்கி, பதிவேட்டின்மேல் மெதுவாக வைத்தாள்.

"நாலு மாசமா இங்க வந்துகினு கீறேன். இந்தக் கை எப்புட்றா ஒடஞ்சுதுனு ஒர்த்தராச்சும் கேட்டீங்களா? எம் பொண்ணு மண்ட மேல கட்ட வந்துச்சு. நீங்கோ எழுதிக்கினே இருந்தீங்கோ. இத்து போயி நட்வுல நின்னுச்சு. உங்க பேப்பரு செய்ய வேண்டிய வேலைய இத்து செஞ்சுது. அத்தால ஒடஞ்சுது."

மின்விசிறி சுற்றியது. கன்னியம்மா கையை எடுத்துக்கொண்ட பிறகு, மணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காலதாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'மனுதாரரின் உடல்நிலை' என்று எழுதினார். கட்டம் சின்னது. அதற்குமேல் இடமில்லை.

கீழே ஜெயஸ்ரீ படியிலேயே காத்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள். "பேப்பரு குடுத்தாங்களாம்மா?"

"இல்லடி."

பிள்ளை விரல்விட்டு நாள் எண்ணினாள். எந்த ஞாயிற்றுக்கிழமை படகு வரும் என்று குப்பத்துக் குழந்தைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அப்ப அந்த ஞாயித்துக்கெழம நைனா வந்துச்சுனா?"

கன்னியம்மா இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் இன்னோரு கை கீதே. வா, பஸ்ஸு வந்துடும்."